ஆய்வகத்தில் வளரும் விழித்திரை: மாதிரி சொல்வதும் சொல்லாததும்

தோலில் ஒரு கட்டி என்றால் மருத்துவர் அதிலிருந்து சிறு துணுக்கை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். கல்லீரலில் சந்தேகம் என்றால் ஊசி வழியாகத் திசுவை எடுக்கலாம். இரத்தத்தில் குறை என்றால் சில சொட்டுகளே போதும். ஆனால் பிறந்ததிலிருந்தே பார்வை மங்கியிருக்கும் ஒரு குழந்தையின் விழித்திரையில் அப்படிக் கை வைக்க முடியாது. வெட்டிய இடத்தில் விழித்திரை மீண்டும் வளராது. நோயைத் தெரிந்துகொள்வதற்காக, எஞ்சியிருக்கும் கொஞ்சப் பார்வையையும் பறிக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார்.

பரம்பரையாக வரும் விழித்திரை நோய்களைப் புரிந்துகொள்வதற்கு நெடுங்காலம் இதுவே பெரிய தடையாக இருந்தது. ஆய்வாளர்களுக்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கண்கள். அவற்றில் நோயின் கடைசிக் கட்டத்தைத்தான் பார்க்க முடியும். வீடு எரிந்து முடிந்தபின் சாம்பலைக் கிளறி, தீ எங்கே பற்றியது என்று தேடுவது போன்றது அது. இன்னொன்று, விலங்குகள். அவற்றின் கண் நம் கண்ணைப் போன்றதுதான். ஆனால் நம் கண்ணே அல்ல.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் மூன்றாவது வழி ஒன்று திறந்திருக்கிறது. நோயாளியின் தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ சில செல்களை எடுத்து, அவற்றைக் கொண்டே ஆய்வகத்தில் விழித்திரைத் திசுவை வளர்த்துப் பார்ப்பது. இப்படி வளர்க்கப்படும் சிறு திசு உருண்டையை ஆர்கனாய்டு என்கிறார்கள். 'உறுப்பைப் போன்றது' என்பது பொருள். உறுப்பு அல்ல, உறுப்பைப் போன்றது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் செய்தி அந்தப் 'போன்றது' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

நான் உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். நம் பாடநூல்களில் செல், திசு, மரபியல், கண் ஆகியவை வெவ்வேறு அலகுகளில், சில சமயம் வெவ்வேறு வகுப்புகளில் வருகின்றன. ஒன்பதாம் வகுப்பில் படித்த திசுவும் பத்தாம் வகுப்பில் படிக்கும் கண்ணும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று மாணவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. இந்த ஆய்வின் கதையில் நான்கும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எனவே ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து மருந்துச் சோதனை வரை சொல்லிப் பார்க்கிறேன்.

ஒளியைப் பிடிக்கும் செல்

ஒளியியல் பாடத்தில் விழித்திரையைப் பிம்பம் விழும் திரை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்கு அது போதும். ஆனால் அந்தத் திரை உயிருள்ளது. அதில் சுமார் 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் இருக்கின்றன. மங்கிய ஒளியில் பார்க்கக் குச்சி செல்கள். பகலொளியில் நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கக் கூம்பு செல்கள்.

ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, புரதங்களைத் தயாரிக்கும் உட்பகுதி. மற்றது, ஒளியைப் பிடிக்கும் வெளிப்பகுதி. நாணயங்களை அடுக்கியது போல அதில் தட்டுகள் அடுக்கியிருக்கும். இந்தத் தட்டுகள் நிலையானவை அல்ல. நுனியில் உள்ள பழைய தட்டுகள் நாள்தோறும் உதிர்கின்றன. அடியில் புதியவை உருவாகின்றன. குச்சி செல்லின் அடுக்கு முழுவதும் ஏறக்குறைய பத்து நாள்களில் புதிதாகிவிடும். உதிர்ந்தவற்றை விழுங்கிச் செரிப்பது, விழித்திரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நிறமிப் படலத்தின் வேலை.

தயாரிக்கும் இடத்துக்கும் அடுக்கும் இடத்துக்கும் நடுவே மிகக் குறுகலான ஒரு பாலம் இருக்கிறது. அது ஒரு குறு இழை. நம் மூச்சுக்குழலில் தூசியைத் தள்ளும் குறு இழைகளின் உறவுதான். அந்தப் பாலத்தின் வழியாகத்தான் எல்லாப் புரதங்களும் போக வேண்டும். பாலம் பழுதானால் தட்டுகள் உருவாகா. தட்டுகள் இல்லையென்றால் ஒளி விழுந்தும் பயனில்லை. இந்தப் பாலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோபேயில் குழிந்த கிண்ணம்

கருவில் கண் எப்படி உருவாகிறது என்பதைக் காட்ட, காற்று பாதி இறங்கிய ரப்பர் பந்தை எடுத்து ஒரு பக்கம் கட்டைவிரலால் அழுத்திக் காட்டுவேன். பந்து குழிந்து, இரண்டு சுவர் கொண்ட கிண்ணமாகும். கருவின் மூளையிலிருந்து பக்கவாட்டில் புடைத்து வரும் குமிழும் இப்படித்தான் குழிந்து கண்கிண்ணமாகிறது. உள்சுவர் விழித்திரை, வெளிச்சுவர் நிறமிப் படலம். கண் என்பது வெளியே எட்டிப் பார்க்கும் மூளை என்று சொல்வதில் மிகை இல்லை.

அந்தக் குமிழை அழுத்துகிற 'கட்டைவிரல்' எது? குமிழுக்கு எதிரே, புறத்தோலில் லென்சு உருவாகத் தொடங்குகிறது. அதுதான் குமிழைக் குழியச் செய்கிறது என்று எண்ணுவது இயல்பானது. 1901இல் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஸ்பீமன் தவளைக் கருவில் கண்ணாகப் போகும் பகுதியை அழித்துப் பார்த்தார். அந்தப் பக்கம் லென்சு உருவாகவில்லை. கண்குமிழும் தோலும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பித்தான் உறுப்பைக் கட்டுகின்றன என்ற சிந்தனைக்கு அது அடித்தளமானது.

ஜப்பானின் கோபே நகரில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் யோஷிகி சசாய் என்பவரின் குழு இதை வேறு வழியில் சோதித்தது. எலியின் கருக் குருத்தணுக்களை, ஒரு குழிக்குச் சுமார் 3,000 வீதம், சிறு குழிகளில் ஊட்டக் கரைசலோடு விட்டார்கள். செல்கள் திரண்டு உருண்டையாயின. சில நாள்களில் உருண்டையின் மேல் குமிழ்கள் புடைத்தன. பிறகு அந்தக் குமிழ்கள் தாமாகவே உள்நோக்கிக் குழிந்து கிண்ணமாயின. அங்கே தோல் இல்லை, லென்சு இல்லை, அழுத்த யாரும் இல்லை. 2011இல் நேச்சர் இதழில் இது வெளியானபோது உலகமே வியந்தது. கிண்ணமாவதற்கான அறிவு செல்களுக்குள்ளேயே இருக்கிறது என்பது அதன் பொருள்.

அடுத்த ஆண்டு அதே குழு மனிதக் குருத்தணுக்களிலிருந்தும் கண்கிண்ணத்தை வளர்த்தது. எலியின் கிண்ணத்தைவிட அது பெரிதாக இருந்தது. வளர அதிக நாள் எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய ஒரே மாதிரியான வளர்ப்பு முறைதான். ஆனாலும் எலிச் செல் எலியின் அளவையும், மனிதச் செல் மனித அளவையும் மறக்கவில்லை. மனித ஆர்கனாய்டில் குச்சி, கூம்பு செல்கள் முதிர்ந்து வெளிப்பகுதி தோன்றப் பல மாதங்கள் ஆகின்றன. தாயின் வயிற்றில் ஆகும் காலத்தை ஒட்டியே ஆய்வகத்திலும் ஆகிறது. அவசரப்படுத்தினால் நடக்காது.

நோயாளியின் செல்லிலிருந்தே

இந்த வித்தை நோயாளிகளுக்குப் பயன்பட இன்னொரு கண்டுபிடிப்பு தேவைப்பட்டது. கருக் குருத்தணுக்கள் யாரோ ஒருவருடைய கருவிலிருந்து வருபவை. நமக்கு வேண்டியதோ, நோயுள்ள அந்தக் குழந்தையின் மரபணுக்களைக் கொண்ட விழித்திரை.

ஷின்யா யமனாகா அந்த வழியைத் திறந்தார். முதிர்ந்த தோல் செல்லுக்குள் நான்கே மரபணுக்களைச் செலுத்தி, அதைக் குருத்தணுவைப் போன்ற தொடக்க நிலைக்குத் திருப்பினார். 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் இது செய்துகாட்டப்பட்டது. தவளையின் முதிர்ந்த செல்லின் உட்கருவிலிருந்து தலைப்பிரட்டையை உருவாக்க முடியும் என்று 1962லேயே காட்டியிருந்த ஜான் கர்டனோடு சேர்த்து, யமனாகாவுக்கு 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது இரண்டையும் இணைத்துப் பாருங்கள். குழந்தையின் கையிலிருந்து கடுகளவு தோல். அதிலிருந்து குருத்தணு. அதிலிருந்து விழித்திரை. கண்ணைத் தொடாமலேயே அந்தக் குழந்தையின் விழித்திரை எப்படி வளர்ந்திருக்கும் என்பதைப் பார்த்துவிடலாம். 2014இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு, இவ்வாறு திருப்பப்பட்ட மனிதச் செல்களிலிருந்து வளர்த்த விழித்திரைத் திசுவில் ஒளிக்குப் பதில்வினை காட்டும் செல்கள் இருப்பதை வெளியிட்டது.

ஒரு நோயின் கதை

ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லீபர் 1869இல் ஒரு நோயை விவரித்தார். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே பார்வை மிகவும் குறைவாக இருப்பது தெரியவரும். கண்மணிகள் ஓரிடத்தில் நில்லாமல் அலையும். குழந்தை அடிக்கடி கை முட்டியால் கண்ணை அழுத்திக்கொண்டே இருக்கும். லீபர் பிறவிப் பார்வையின்மை என்று இதைச் சொல்கிறார்கள். அரிய நோய்தான், ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் எது பழுதானாலும் இது வரலாம்.

அவற்றில் ஒன்று, 12ஆவது குரோமோசோமில் உள்ள சிஇபி290 என்ற மரபணு. முன்னே நினைவில் வைக்கச் சொன்ன அந்தப் பாலத்தில் காவல் நிற்கும் புரதத்தை உருவாக்குவது இதுதான். 2006இல் இந்த மரபணுவில் ஒரு விநோதமான பிழை கண்டுபிடிக்கப்பட்டது. மரபணுவில் புரதத்துக்கான செய்தியும் உண்டு. நடுநடுவே வெட்டி எறியப்பட வேண்டிய பகுதிகளும் உண்டு. பிழை இருந்தது வெட்டி எறியப்படும் பகுதியில்! ஒரே ஓர் எழுத்து மாற்றம்: ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி. அதனால் செல் ஏமாந்து, எறிய வேண்டிய பகுதியிலிருந்து 128 எழுத்துகளைச் செய்திக்குள் சேர்த்து ஒட்டிவிடுகிறது. அந்த ஒட்டில் 'இங்கே நிறுத்து' என்ற கட்டளை வந்துவிடுவதால் புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. சிஇபி290 புரதம் கண்ணுக்கு மட்டும் உரியதல்ல. சிறுநீரகம், மூளை என்று பல இடங்களில் வேலை செய்வது. ஆனால் இந்தக் குறிப்பிட்ட பிழை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கண் மட்டுமே பாதிக்கப்படுகிறது. அவர்களுடைய தோல் செல்லை ஆராய்ந்தால், செய்திகளில் ஏறக்குறைய பாதி சரியாகவே வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. பாதி சரியாக இருந்தும் பார்வை ஏன் இவ்வளவு மோசமாகப் போகிறது?

நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள், பிழையுள்ள மனித மரபணுத் துண்டை எலிக்குள் பொருத்திப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவு எதிர்பாராதது: எலியின் விழித்திரை நன்றாகவே இருந்தது. எலிச் செல் அந்த 128 எழுத்துகளை மிகக் குறைவாகவே சேர்த்தது. மனிதச் செல் ஏமாறும் இடத்தில் எலிச் செல் அவ்வளவாக ஏமாறவில்லை. ஆக, இந்த நோய்க்கு எலி உதவவில்லை.

விலங்குகளே பயனற்றவை என்று இதற்குப் பொருளல்ல. அதே லீபர் நோயின் இன்னொரு வகை பிரியார்டு என்ற நாயினத்தில் இயற்கையாகவே காணப்படுகிறது. அந்த நாய்களுக்கு மரபணுச் சிகிச்சை கொடுத்துப் பார்வை திரும்பியது 2001இல் வெளியானது. அந்த வழியில் வந்த சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்காவில் ஒப்புதலும் கிடைத்தது. ஒரு மரபணுவுக்கு நாய் சரியான மாதிரி. இன்னொன்றுக்கு எலி தவறான மாதிரி. எந்த மாதிரி நல்லது என்று பொதுவாகக் கேட்க முடியாது; எந்தக் கேள்விக்கு நல்லது என்றுதான் கேட்க வேண்டும்.

சிஇபி290 புதிருக்கு ஆர்கனாய்டு பதில் தந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் கண் ஆய்வு நிறுவனத்தில் நோயாளிகளின் தோல் செல்களிலிருந்து விழித்திரை ஆர்கனாய்டுகளை வளர்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், தோல் செல்லைவிட விழித்திரை ஆர்கனாய்டில் தவறான ஒட்டு மிக அதிகமாக இருந்தது. குறு இழைகளும் குறைபட்டிருந்தன. அதாவது ஒரே மனிதரின் ஒரே பிழை, தோலில் பாதி மன்னிக்கப்படுகிறது, விழித்திரையில் மன்னிக்கப்படுவதில்லை. கண் மட்டும் ஏன் பாதிக்கப்படுகிறது என்பதற்கு விடை, கண்ணின் திசுவை வளர்த்துப் பார்த்தபோதுதான் கிடைத்தது.

அதே ஆர்கனாய்டில் ஒரு மருந்தையும் சோதித்தார்கள். தவறாக ஒட்டப்படும் இடத்தில் போய்ப் படிந்து, அதைச் செல்லின் கண்ணிலிருந்து மறைக்கும் சிறு மரபுத் துணுக்கு அது. மருந்து கொடுத்த ஆர்கனாய்டில் சரியான செய்தி கூடியது; புரதம் கூடியது; குறு இழைகள் மீண்டன.

மருந்து மனிதரிடம் போனபோது

இத்தோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதை. ஆனால் மாணவர்களுக்கு முழுவதையும் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இதே வழியில் வேலை செய்யும் செபோஃபார்சென் என்ற மருந்து ஊசியாகக் கண்ணுக்குள் செலுத்தப்பட்டது. சிலரைக் கொண்ட முதற்கட்டச் சோதனையின் இடைக்கால முடிவுகள் 2019இல் வெளியாயின. பார்வை மேம்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். நம்பிக்கை பெருகியது. அடுத்த பெரிய சோதனையில், ஊசி போடுவது போலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். 2022 பிப்ரவரியில் முடிவு அறிவிக்கப்பட்டது: ஓராண்டு முடிவில் பார்வைக் கூர்மை கூட வேண்டும் என்ற முதன்மை இலக்கை மருந்து எட்டவில்லை.

ஆர்கனாய்டு பொய் சொல்லிவிட்டதா? இல்லை. மனித விழித்திரைச் செல்லில் இந்த மருந்து தவறான ஒட்டைக் குறைக்குமா என்பது ஆர்கனாய்டிடம் கேட்கப்பட்ட கேள்வி. குறைக்கும் என்று அது சரியாகவே சொன்னது. பல ஆண்டுகளாகப் பார்வை குறைந்து வாழும் ஒரு மனிதர், ஓராண்டில் அட்டவணையில் கூடுதலாக எத்தனை எழுத்துகளைப் படிப்பார் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குள் சிதைந்துபோன செல்கள் இருக்கின்றன. பார்வை நரம்பு இருக்கிறது. தெளிவான பிம்பத்தை அறியாமல் வளர்ந்த மூளையும் இருக்கிறது. கிண்ணத்தில் இவை எதுவும் இல்லை.

இந்தத் துறை அங்கேயே நின்றுவிடவும் இல்லை. இதே சிஇபி290 பிழையை மரபணுத் திருத்த முறையால் வெட்டி நீக்கும் சோதனையில் 14 பேர் பங்கேற்றனர். அவர்களில் 11 பேருக்குக் குறைந்தது ஓர் அளவீட்டிலாவது முன்னேற்றம் தெரிந்ததாக 2024இல் அறிக்கை வெளியானது. சிறிய எண்ணிக்கைதான். அறிவியல் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது.

கிண்ணத்தில் இல்லாதவை

விழித்திரை ஆர்கனாய்டு சில மில்லிமீட்டர் அளவுள்ளது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே அதற்கு மேல் வளர்ந்தால் நடுவிலுள்ள செல்களுக்கு ஆக்சிஜன் எட்டாது. நோயெதிர்ப்புச் செல்கள் இல்லை. மூளைக்குச் செய்தி கொண்டுபோக வேண்டிய நரம்பு செல்கள், போய்ச் சேர இடமில்லாமல் காலப்போக்கில் மடிந்துவிடுகின்றன. நிறமிப் படலம் விழித்திரைக்குக் கீழே விரிப்பாகப் பரவாமல், பெரும்பாலும் ஓரத்தில் திட்டாக ஒதுங்கிக் கிடக்கிறது. நாம் படிக்கவும் முகம் அறியவும் பயன்படுத்தும் விழித்திரையின் நடுப்புள்ளி அதில் முறையாக உருவாவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு வயது இல்லை. அறுபது வயதில் வரும் நோயைச் சில மாதத் திசுவில் பார்ப்பது எளிதல்ல.

இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக நிரப்பும் முயற்சிகள் நடக்கின்றன. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோயில், நிறமிப் படலத்துக்கும் அதன் பின்னுள்ள இரத்தக் குழாய்களுக்கும் இடையிலான எல்லையில்தான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் கபில் பார்தியின் குழு அந்த எல்லையையே அச்சிட்டு உருவாக்கியது. மட்கும் தன்மையுள்ள தாங்கியின் ஒரு பக்கம் இரத்தக் குழாய்களை உருவாக்கும் செல்களைக் கூழோடு கலந்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தால் பதித்தார்கள். ஒன்பதாம் நாள் மறுபக்கம் நிறமிப் படலச் செல்களை விதைத்தார்கள். 42ஆம் நாள் திசு முதிர்ந்தது. 2022 இறுதியில் இது வெளியானது. நோய்க்கான சூழலை ஏற்படுத்தியபோது, நோயாளிகளின் கண்ணில் படிவது போன்ற கழிவுப் படிவங்கள் அதில் தோன்றின. இந்த மாதிரியில் இரத்தக் குழாய் உண்டு. ஆனால் குச்சி, கூம்பு செல்கள் இல்லை. கேள்வி எல்லையைப் பற்றியது என்பதால் இது போதும்.

நம் நாட்டிலும் இப்பணி நடக்கிறது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள், மனிதச் செல்களிலிருந்து கார்னியாவின் சிறு ஆர்கனாய்டுகளை வளர்த்து 2017இல் வெளியிட்டார்கள்.

வகுப்பறையில்

இதை நடத்த எனக்கு ஒரு பாடவேளையும் மிச்சமிருக்கும் நேரமும் போதுமானதாக இருக்கிறது. நான் செய்யும் மூன்று செயல்பாடுகளைத் தருகிறேன்.

முதலாவது, பந்து. மாணவர் ஒருவரையே அழுத்திக் காட்டச் சொல்வேன். கிண்ணம் வந்ததும் கோபே ஆய்வைச் சொல்லிவிட்டு, "இந்தப் பந்தில் எது உண்மைக்கு மாறானது?" என்று கேட்பேன். கட்டைவிரல்தான் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். நாம் பயன்படுத்திய மாதிரியின் குறையை மாணவர்களே கண்டுபிடிக்கும் இடம் அது.

இரண்டாவது, வெட்டி ஒட்டும் வாக்கியம். நீளமான காகிதப் பட்டையில் 'அம்மா சந்தைக்கு (ழகஞபு) போய்க் கீரை (ஙநிதூமெ) வாங்கி வந்தார்' என்று எழுதித் தருவேன். பொருளற்ற பகுதிகளை வெட்டி எறிந்து, மீதியை ஒட்டிப் படிக்க வேண்டும். இன்னொரு குழுவின் பட்டையில் முதல் பொருளற்ற பகுதியை மட்டும் சற்று மாற்றி, அதில் முற்றுப்புள்ளி ஒன்றையும் வைத்து, அதை வெட்டக் கூடாது என்று சொல்லிவிடுவேன். 'அம்மா சந்தைக்கு ழகஞ.' என்று அவர்கள் பாதியில் நிற்பார்கள். புரதம் பாதியில் நிற்பது என்ன என்பதை அதன்பின் விளக்கவே தேவையில்லை. எட்டாம் வகுப்புக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, இரண்டு பத்திப் பட்டியல். அறிவியல் கண்காட்சிக்கு நம் பள்ளிகளில் தெர்மாகோலால் கண் மாதிரி செய்யாத ஆண்டு உண்டா? அதை மேசையில் வைத்து, 'இது எதைக் காட்டுகிறது', 'இது எதைக் காட்டவில்லை' என்று கரும்பலகையில் இரண்டு பத்திகள் போடச் சொல்வேன். பிறகு எலி, நாய், ஆர்கனாய்டு, அச்சிட்ட திசு ஒவ்வொன்றுக்கும் அதே பட்டியல். உலக உருண்டை, அணு மாதிரி, ஏன், சமூக அறிவியலின் வரைபடம் வரை இந்தப் பட்டியலை நீட்டலாம். தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் ஒரு பொம்மைப் பசுவையும் உண்மைப் பசுவையும் வைத்தே இதைத் தொடங்கலாம்.

ஒருமுறை இந்தப் பாடத்தின்போது ஒரு மாணவி, "சார், அந்தக் கிண்ணத்துக்குக் கண்ணு தெரியுமா?" என்று கேட்டாள். சிறந்த கேள்வி. ஒளி விழுந்தால் அதன் செல்கள் பதில்வினை காட்டலாம். ஆனால் பார்ப்பது மூளை. மூளையோடு சேராத விழித்திரை ஒளியை உணரும், பார்க்காது. ஒளியியல் பாடத்தில் விடுபட்டுப்போகும் முக்கியமான கருத்தை அவள் கேள்வி உள்ளே கொண்டுவந்தது.

பெற்றோர் கேட்டால்

இந்தப் பாடம் சில வீடுகளுக்கும் போய்ச் சேரும். தென்னிந்தியாவில் நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் வழக்கம் இருப்பதால், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. லீபர் நோயின் பெரும்பாலான வகைகளும், மாலை நேரப் பார்வையில் தொடங்கிப் படிப்படியாகக் குறுகும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவின் பல வகைகளும் இவ்வாறே வருகின்றன. மாலைக்கண் என்றதும் நம் பாடநூல் பழக்கத்தில் வைட்டமின் ஏ என்று சொல்லிவிடுகிறோம். அது ஒரு காரணம். ஒரே காரணம் அல்ல. இருட்டத் தொடங்கினால் தடுமாறும், பக்கவாட்டில் வருபவர் மேல் மோதிக்கொள்ளும், கண்மணி அலையும், கண்ணை முட்டியால் அழுத்திக்கொண்டே இருக்கும் குழந்தையைக் கண்டால், 'கேரட் கொடுங்கள்' என்று சொல்லி அனுப்பாமல் விழித்திரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உடன்பிறந்தவருக்கும் அதே குறை இருக்கிறதா என்று விசாரிப்பதும் உதவும். உறவுத் திருமணத்தைச் சொல்லிப் பெற்றோரைக் குற்றவாளியாக்கும் தொனி மட்டும் வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே தங்களைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பார்கள்.

"ஆய்வகத்துல கண்ணு வளர்க்கிறாங்களாமே சார், என் பிள்ளைக்கு வைக்க முடியுமா?" என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வது? ஆர்கனாய்டு பொருத்துவதற்கான கண் அல்ல; நோயைப் புரிந்துகொள்ளவும் மருந்தைச் சோதிக்கவும் வளர்க்கப்படும் திசு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்ற பெயரில் பணம் பறிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில், 72 முதல் 88 வயதுக்குட்பட்ட மூன்று பெண்களுக்கு, அவர்களுடைய கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்களிலும் ஒரே நாளில் ஊசியாகச் செலுத்தினார்கள். இருந்த பார்வையும் பெரும்பாலும் போயிற்று. 2017இல் மருத்துவ இதழில் அது பதிவானது. அதே ஆண்டு நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான குருத்தணு மாற்றைத் தவிர, பிற குருத்தணுச் சிகிச்சைகள் முறையான ஆய்வுச் சோதனைக்குள் மட்டுமே நடக்க வேண்டும். முறையான சோதனையில் சேர்பவரிடம் சிகிச்சைக்குக் கட்டணம் கேட்கமாட்டார்கள். யாராவது லட்சங்களில் விலை சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம் என்று நாம் சொல்லலாம்.

செய்யக்கூடியவையும் உண்டு. எந்த மரபணுவில் பிழை என்று பரிசோதனையில் தெரிந்துகொண்டால், எதிர்காலத்தில் வரும் சிகிச்சை அந்தக் குழந்தைக்குப் பொருந்துமா என்று அறியலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மையையும் குறைபார்வையையும் அங்கீகரிக்கிறது. சான்றிதழ் பெற்றால் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். முன்வரிசை இருக்கை, பெரிய எழுத்து, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லும் ஆசிரியர் ஆகிய மூன்றுக்கும் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை.

ஆர்கனாய்டு, கண்ணைப் போன்றது, கண் அல்ல. அது தரும் நம்பிக்கையும் அந்த அளவுதான்: பெரியது, ஆனால் எல்லை உடையது. அந்த எல்லையைச் சரியாகச் சொல்லத் தெரிந்த மாணவர் நாளை ஆய்வாளர் ஆகாவிட்டாலும், தன் வீட்டில் ஒருவருக்குக் கண் மங்கும்போது விளம்பரத்துக்கும் மருத்துவத்துக்கும் வேறுபாடு அறிவார்.